பிரெயின்சிப் ஷேர் வாங்கலாமா எண்டு கேட்ட களுவாஞ்சிக்குடித் தம்பிக்கு

தம்பி, நீங்க எழுதினது நீளம், நான் விளங்கிக்கொண்டது இதுதான். மெல்பேர்ன்ல இரிக்கிற உங்கட மாமாட மகன் பிரெயின்சிப் எண்ட கொம்பனிட ஷேர் கன வருசமா வச்சிருக்கார், மனுசன்ட மூளை மாதிரி வேலை செய்யிற ஏஐ சிப் செய்யிற கொம்பனி, ஒரு காலத்தில ஒஸ்ரேலியக் காசில 2 டொலர் 30 சதத்தத் தாண்டினது, பிறகு சதக்கணக்குக்கு விழுந்துட்டுது, அடுத்த என்விடியா இதுதான், மலிவாக் கிடக்கக்குள்ள அள்ளிப் போடணும் எண்டு அவர் சொல்லுறார். பெரும்போக வெள்ளாமை வித்த காசோட அம்மாட நகையையும் ஈடு வச்சு அவர்ட பேருக்கு அனுப்பலாமா எண்டு கேக்கிறீங்க.

நகைய ஈடு வைக்காதீங்க. இத முதலே சொல்லிப்போடுறன், ஏனெண்டா மிச்சத்த வாசிக்க நேரமில்லாம ஆரும் பாதியில விட்டுட்டுப் போனாலும் இது மட்டும் மனசில நிக்கட்டும். ஆனா உங்கட மச்சான் சொல்லுறது முழுக்கப் பொய்யும் இல்ல, அந்தக் கொம்பனி ஏமாத்துக் கொம்பனியும் இல்ல, அதாலதான் இது கஷ்டமான கேள்வி. முழுக்கப் பொய் எண்டா ஒரு வரியில முடிச்சிருப்பன்.

நான் கொழும்பில சிப் டிசைன் சரிபார்க்கிற வேலையில பதினொரு வருசம் இருந்துட்டு இப்ப கல்லடியில வந்து இரிக்கிறன். இந்தக் கொம்பனிய 2020ல இருந்து கவனிச்சு வாறன், ஒரு ஷேரும் என்னட்ட இல்ல.

சிப்பப் பத்தி முதல்ல. படுவான்கரைப் பக்கம் வட்டையில பரண் கட்டி யானைக் காவல் இரிக்கிற ஆக்களப் பாத்திருப்பீங்க. அந்த மனுசன் ராமுழுக்க வயலப் பாத்துப் பாத்து ஒவ்வொரு நிமிசமும் "இஞ்ச ஒண்டுமில்ல, அங்க ஒண்டுமில்ல" எண்டு எழுதிக்கொண்டா இரிக்கிறார்? ஏதும் அசைஞ்சா மட்டும் சத்தம் போடுறார். சாதாரண ஏஐ சிப் அப்படியில்ல, ஒவ்வொரு படத்தையும் முழுசா எடுத்து, மாறாத இடத்தையும் சேத்துக் கணக்குப் பண்ணும், அதோட நினைவகத்தில இருந்து எண்களக் கொண்டுவந்து கொண்டுபோறதுக்கே கூட மின்சாரம் போகும். வெளி நினைவகத்தில இருந்து ஒரு எண்ண எடுக்கிற செலவு, அந்த எண்ண வச்சு ஒரு கூட்டல் கணக்குச் செய்யிற செலவ விட நூற்றுக்கணக்கான மடங்கு. நியூரோமோர்பிக், அதாவது மூளையப் பாத்துச் சிப் செய்யிற முறை, இந்த ரெண்டையும் குறைக்கிற வழி, பிரெயின்சிப் செய்யிறதும் இதுதான்: நினைவகத்த கணக்குப் பண்ணுற இடத்துக்குப் பக்கத்திலயே வைக்கிறது, மாற்றம் வந்தா மட்டும் வேலை செய்யிறது. மூளை 20 வாட்டுக்குக் கிட்ட வச்சுக்கொண்டு இவ்வளவும் செய்யுதே, அதப் பாத்துத்தான் 1980களின் கடைசியில கார்வர் மீட் எண்ட அமெரிக்கப் பேராசிரியர் இந்தப் பேர வச்சார்.

பிரெயின்சிப் இதில தனியா நிக்கல்ல. ஐ.பி.எம். 2014லயே ட்ரூநோர்த் எண்டு ஒரு சிப் காட்டினது, பத்து லட்சம் நியூரோன் (மூளைக் கலம் மாதிரி வேலை செய்யிற சின்ன அலகு), 70 மில்லிவாட் அளவுதான் மின்சாரம், உலகமே பாராட்டினது. அது கடைக்கு வரல்ல. 2023ல ஐ.பி.எம். நோர்த்போல் எண்டு அடுத்தத காட்டக்குள்ள மூளை மாதிரித் துடிப்பு விடுற முறைய விட்டுட்டு, நினைவகத்தப் பக்கத்தில வைக்கிற யோசனைய மட்டும் எடுத்துக்கொண்டது. இன்டெல் 2017ல லோய்ஹி, 2021ல லோய்ஹி 2, 2024ல 1152 லோய்ஹி 2 சிப்ப ஒண்டாச் சேத்து 115 கோடி நியூரோனோட ஹாலா பொயின்ட் எண்டு பெரிய இயந்திரம், எல்லாம் ஆராய்ச்சிக்குத்தான். இவ்வளவு காசிருந்த ரெண்டு பெரிய கொம்பனி விக்க முன்வராத இடத்தில, ஒஸ்ரேலியா பங்குச் சந்தையில இரிக்கிற சின்னக் கொம்பனி அகிடா எண்ட சிப்ப உண்மையாவே செஞ்சு, அட்டையாப் போட்டு, ஆரும் காசு குடுத்து வாங்கக்கூடிய மாதிரி வச்சது. 12 லட்சம் நியூரோன், ஆயிரம் கோடி இணைப்பு. இத நான் மதிக்கிறன். பீட்டர் வான் டெர் மேட், அனில் மங்கர் ரெண்டு பேரும் தொடக்கின வேலை, அத ஆரும் குறைச்சுச் சொல்ல ஏலாது.

மறுகா வாறது காசுக் கதை. என்விடியா எண்டு சொல்லக்குள்ள ஆக்கள் நினைக்கிறது சிப் செஞ்சு விக்கிற கொம்பனி. பிரெயின்சிப்ட முக்கிய வழி அது இல்ல, அவங்க விக்கிறது அறிவுசார் சொத்து, அதாவது சிப்புக்குள்ள வைக்கிற வரைபடம். இத வெள்ளாமைக் கணக்கில சொன்னா லேசா விளங்கும். உங்கள்ட்ட நல்ல விதைநெல்லு இரிக்கு. வேற ஒரு போடியாருக்கு அத குடுக்கிறீங்க, குடுக்கக்குள்ள ஒரு தொகை கையில வருது, அது லைசன்ஸ். அவர் அத விதைச்சு, விளைஞ்சு, வெட்டி, வித்தா மூட்டைக்கு இவ்வளவு எண்டு உங்களுக்குப் பங்கு, அது ரொயல்ட்டி. அவர் விதைநெல்ல வாங்கிக் கொண்டுபோய் வீட்டில வச்சிட்டு வயல்ல வேற நெல்லு விதைச்சா? ஒண்டும் வராது. வாங்கினவர் பெரிய போடியார் எண்டுறது உங்கட பங்கக் கூட்டாது.

இதுதான் நடந்தது எண்டு நான் நினைக்கிறன். 2020 கடைசியில ஜப்பான்ட சிப் கொம்பனி ரெனெசாஸ் லைசன்ஸ் வாங்கினது, 2021 நவம்பர்ல இன்னொரு ஜப்பான் சிப் கொம்பனி மெகாசிப்ஸ் வாங்கினது. 2022 ஜனவரியில மெர்சிடிஸ் தங்கட ஈ.கியூ.எக்ஸ்.எக்ஸ். காரில "ஹேய் மெர்சிடிஸ்" எண்டு கூப்பிடுற சத்தத்தக் கண்டுபிடிக்க அகிடாவப் பாவிச்சதாகவும், வழமையான முறைய விட ஐஞ்சில இருந்து பத்து மடங்கு சிக்கனம் எண்டும் சொன்னது. அந்த மாசம்தான் ஷேர் 2 டொலர் 30 சதத்தத் தாண்டினது. ஆனா அந்தக் கார் கண்காட்சிக் கார், விக்கிறதுக்குச் செய்தது இல்ல. மெர்சிடிஸ் எண்ட பேரக் கேட்டு வாங்கின ஆக்கள் ஒரு நாளும் விதைக்காத வயலுக்கு மூட்டைக் கணக்குப் போட்டவங்க. 2023 கடைசிக்குள்ள ஷேர் 20 சதத்துக்குக் கீழ வந்திட்டுது. உங்கட மச்சானும் அந்த 2022ல வாங்கினவரா எண்டு கேட்டுப் பாருங்க, இருந்தா அவர்ட மனசு எனக்கு நல்லா விளங்குது. விழுந்த காசு திரும்பி வரணும் எண்ட ஏக்கத்தில இன்னும் ரெண்டு பேர் வாங்கினா நல்லம் எண்டு ஒரு மனுசனுக்குத் தோணும், அவர் உங்களக் கெடுக்க நினைச்சுச் சொல்லல்ல.

இப்ப எண்களப் பாருங்க, கொம்பனியே வெளியிட்ட வருசக் கணக்கு, எல்லாம் அமெரிக்க டொலர். 2022ல வருமானம் 5 மில்லியனுக்குக் கிட்ட, அது லைசன்ஸ் மாதிரி ஒருக்கா வந்துட்டுப் போற காசு. 2023ல 2 லட்சத்து 32 ஆயிரம். 2024ல 4 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைய. அந்த 2024ல நட்டம் 24 மில்லியனுக்கு மேல, 2023ல கிட்டத்தட்ட 29 மில்லியன். லைசன்ஸ் வாங்கின பெரிய ஆக்கள் பொருள் செஞ்சு வித்திருந்தா, நாலு வருசம் கழிச்சு ரொயல்ட்டி எண்டு ஏதும் சொட்டத் தொடங்கியிருக்கணும்.

ஒரு சிப்புக்கு 10 சதம் ரொயல்ட்டி எண்டு சும்மா வச்சுப் பாப்பம், இது என்ட கணக்கு, அவங்கட ஒப்பந்தத்தில என்ன இரிக்கு எண்டுறது இல்ல. வருசத்துக்கு 25 மில்லியன் செலவ ரொயல்ட்டியால மட்டும் ஈடுகட்டணுமெண்டா வருசம் 25 கோடி சிப் விக்கணும். லாபம் இல்ல, நட்டம் நிக்கிறதுக்கு மட்டும். அதுக்குத்தான் அறிக்கையில வாற "கூட்டாளி", "சூழலமைப்பு", "ஒத்துழைப்பு" எண்ட சொல்லுகள நான் எண்ணுறதில்ல. எந்தக் கொம்பனி எந்தப் பொருள எத்தின லட்சம் செய்யப்போகுது எண்டு மட்டும் பாக்கிறன்.

இந்த இடைவெளிய எப்படி நிரப்புறாங்க எண்டா, புது ஷேர் அச்சடிச்சு. 2020ல எல்.டி.ஏ. கெப்பிட்டல் எண்ட நிறுவனத்தோட ஒரு ஏற்பாடு செஞ்சாங்க, கொம்பனிக்குக் காசு தேவைப்படக்குள்ள புது ஷேர் குடுத்து சந்தை விலையில கொஞ்சம் கழிவோட காசு எடுக்கிறது. சட்டப்படி சரியான விசயம், நட்டத்தில ஓடுற கொம்பனி வேற என்ன செய்யிறது. ஆனா 2022 தொடக்கத்தில 170 கோடி போல இருந்த ஷேர் 2025ல 200 கோடியத் தாண்டிட்டுது. உங்கட மச்சான் "திரும்ப 2 டொலர் 30 போகும்" எண்டு சொல்லக்குள்ள அவருக்கு இது மனசில இரிக்கா? கொம்பனிட மொத்தப் பெறுமதி அந்தப் பழைய உச்சத்துக்கே திரும்பப் போனாலும் ஷேர் 2 டொலருக்குக் கிட்டத்தான் நிக்கும். ஒவ்வொரு வருசம் காத்திருக்கிறதுக்கும் உங்கட காணியில இருந்து ஒரு வரம்பு அளவு வெட்டுப்படுது எண்டு நினைச்சுக்கொள்ளுங்க. 2023லயும் 2024லயும் ஷேர்காரர் கூட்டத்தில நிர்வாகத்துக்குக் குடுக்கிற சம்பளத்துக்கு எதிரா கால்வாசிக்கு மேல வாக்கு விழுந்தது, இதால இயக்குநர் சபையையே கலைக்கிறதா எண்டு தனியா வாக்கெடுப்பு நடந்து, கலைக்காமத் தப்பினாங்க. கோபம் வெளியில இருந்து வந்தது இல்ல, கொம்பனிய நேசிச்சு வாங்கினவங்களுக்குள்ள இருந்து வந்தது.

சரி, தொழில்நுட்பம் நல்லது எண்டும் சொல்லுறன், ஏன் ஆக்கள் வாங்கிறாங்க இல்ல? இதுக்கு என்ட சொந்த அனுபவம் ஒண்டு இரிக்கு, அதையே விரிவாச் சொல்லுறன்.

வெல்லாவெளிப் பக்கம் என்ட சொந்தக்காரர்ட வட்டையில ரெண்டு போகமா யானை வந்து மிதிச்சிட்டுது, காவல் இரிக்கிற வயசாளிகளால ஏலாது எண்டு நானும் இன்னும் ரெண்டு பேரும் சேந்து ஒரு கமரா வச்சம். சின்ன சோலார் தட்டு, ஒரு பட்டரி, கமரா, யானையக் கண்டா போனுக்குச் செய்தி அனுப்புற மொடம். மாரியில மூண்டு நாலு நாள் வெயில் இல்லாமப் போனா பட்டரி செத்திடும், யானை வாறதும் அந்த நாளிலதான். அப்ப எனக்கு அகிடா மாதிரி ஒண்டு கிடைச்சா எவ்வளவு நல்லம் எண்டு ஆசையா இருந்தது, உண்மையா ஆசையா இருந்தது. மறுகா மீற்றர் வச்சு எது எவ்வளவு தின்னுது எண்டு அளந்தன். ஏஐ கணக்குப் பண்ணுற துண்டு மொத்தத்தில பத்தில ஒரு பங்கு கூட இல்ல. கமராவும் மொடமும்தான் தின்னிறது, பழைய ஜீ.எஸ்.எம். மொடம் சிக்னல் குறைஞ்ச இடத்தில அனுப்பக்குள்ள 2 அம்பியர் வரைக்கும் இழுக்கும். பிறகு உடம்புச் சூட்ட உணர்ற சின்ன சென்சர் ஒண்டப் போட்டம், மைக்ரோ அம்பியர் கணக்கில ஓடுற சாமான், ஏதும் அசைஞ்சா மட்டும் அது மிச்சத்த எழுப்பும். சாதாரண மலிவுச் சிப் ராமுழுக்க நித்திரை, தேவைக்கு மட்டும் கண் முழிக்குது. பட்டரிப் பிரச்சினை தீந்திட்டுது.

யோசிச்சுப் பாருங்க, "அசைஞ்சா மட்டும் வேலை" எண்ட அதே புத்திய நாங்க சிப்புக்கு வெளியில ஒரு சின்னச் சென்சரால செய்துட்டம். அதுக்குப் பிறகு பத்து மடங்கு சிக்கனமான சிப்ப வச்சாலும் மொத்தத்தில பெரிசா ஒண்டும் மிஞ்சாது. நான் மட்டுமில்ல, பொருள் செய்யிற ஒவ்வொரு பொறியியலாளரும் இந்தக் கணக்கப் போடுறார், போட்டுட்டு, பழகாத சிப்புக்காக தன்ட மொடல திரும்பப் பயிற்றி, அவங்கட மென்பொருளப் படிச்சு, சின்னக் கொம்பனி அஞ்சு வருசம் கழிச்சு இரிக்குமோ இல்லையோ எண்டு பயந்துகொண்டு, எதுக்கு மாறணும் எண்டு நினைக்கிறார். மெல்பேர்ன்ல இரிந்து ஷேர் விலையப் பாக்கிறவருக்கு இந்த மேசை தெரியாது.

அதோட போட்டி என்விடியா இல்ல தம்பி. போட்டி, மைக்ரோகொன்ட்ரோலர் எண்ட, சாமானுகள இயக்கிற சின்ன மலிவுச் சிப்புக்குள்ளயே சேத்துக் குடுக்கிற சாதாரண ஏஐ துண்டு. எஸ்.டி.மைக்ரோ எண்ட ஐரோப்பியச் சிப் கொம்பனி 2024 கடைசியில தங்கட சொந்த ஏஐ துண்டோட எஸ்.டி.எம்.32 என்6 எண்ட மைக்ரோகொன்ட்ரோலரக் கொண்டுவந்தது. அத விட எனக்குப் பெரிசாப் பட்டது ரெனெசாஸ். 2020ல அகிடா லைசன்ஸ் வாங்கின அதே ரெனெசாஸ் 2025 ஜூலையில ஆர்.ஏ.8பி1 எண்டு ஏஐக்கெண்டே புது மைக்ரோகொன்ட்ரோலர் அறிவிச்சது, அதுக்குள்ள இரிக்கிறது அகிடா இல்ல, ஆர்ம் கொம்பனிட ஈத்தோஸ் யூ55 எண்ட ஏஐ துண்டு. விதைநெல்லு வீட்டில, வயல்ல வேற நெல்லு எண்டு மேல சொன்னன் இல்லையா. இத வாசிச்ச அண்டைக்கு நான் கன நேரம் அந்தப் பக்கத்தையே பாத்துக்கொண்டு இருந்தன்.

நியாயத்துக்கு மற்றப் பக்கத்தையும் சொல்லணும். தூங்க ஏலாத வேலையும் இரிக்கு. யானை ஒண்டோட ஒண்டு கதைக்கிற சத்தம் 14 ஹேர்ட்ஸ் 35 ஹேர்ட்ஸ் அளவில, எங்கட காதுக்கு லேசில கேக்காத தாழ்ந்த சத்தம், அத வச்சு யானையக் கண்டுபிடிக்கணுமெண்டா ராமுழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கணும், சென்சர் எழுப்பும் எண்டு படுக்க ஏலாது. 2024 ஒக்டோபர்ல அவங்க அறிவிச்ச அகிடா பிக்கோ 1 மில்லிவாட்டுக்குக் கீழ ஓடும் எண்டு சொல்லுறாங்க, 1 மில்லிவாட் எண்டா ரெண்டு சின்ன டபிள்ஏ பட்டரியில அந்தச் சிப் மட்டும் பத்து மாசம் போகும். காது கேக்கிற கருவி, காரில கூப்பிடுற சத்தம், ட்ரோன், ராடர், இதெல்லாம் இந்த வகை. 2024 டிசம்பர்ல ஃப்ரொன்ட்கிரேட் கெய்ஸ்லர் எண்ட நிறுவனம் விண்வெளிச் சிப்புக்கு லைசன்ஸ் எடுத்தது, அமெரிக்க விமானப்படை ஆய்வுகூடத்தால ராடர் வேலைக்கு 1.8 மில்லியன் டொலர் ஒப்பந்தமும் கிடைச்சது. இது ரெண்டும் எனக்கு மெர்சிடிஸ் செய்திய விடப் பெறுமதியாத் தெரியுது, ஏனெண்டா சட்டலைட்டில மின்சாரத்துக்கு வேற வழியே இல்ல, அங்க சிக்கனத்துக்கு உண்மையான விலை குடுப்பாங்க. ஆனா சட்டலைட் சிப் கோடிக்கணக்கில விக்கிற சாமான் இல்ல. கொம்பனி பிழைக்கலாம், ஒரு சின்ன, மதிப்பான கொம்பனியா நிலைக்கலாம், அது அடுத்த என்விடியா எண்டுறதோட ஒட்டாது.

மச்சான் ஆர்ம் கொம்பனியையும் சொன்னார் எண்டு எழுதியிருந்தீங்க, அதுவும் வரைபடம் வித்துத்தான் வளந்தது, பொறுமை வேணும் எண்டு. சரி. ஆர்ம் 1990ல தொடங்கினது, நோக்கியா 6110 போனுக்குள்ள போனது 1997 கடைசியில, ஏழு வருசம். ஆனா அந்த ஏழு வருசமும் அப்பிள், ஏகோர்ன் மாதிரிக் கம்பியூட்டர் கொம்பனிக்காரர் முதல் நாளே வாடிக்கைக்காரராவும் பங்காளியாவும் நிண்டாங்க. பிரெயின்சிப் பங்குச் சந்தைக்கு வந்தது 2015ல, வருசத்த எண்ணிப் பாருங்க.

இப்ப உங்கட வீட்டுக் கதை. இஞ்ச இரிந்து வெளிநாட்டு ஷேர் வாங்கிறதுக்கு 2017ம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிமுக முதலீட்டுக் கணக்கு எண்டு ஒரு வழி இரிக்கு, வங்கியில கேட்டா எவ்வளவு, எப்படி எண்டு சொல்லுவாங்க. உண்டியல்ல அனுப்பி மச்சான்ட பேர்ல வாங்கிறது எண்டா, ஷேர் அவர்ட இலக்கத்திலதான் பதியும், சட்டத்துக்கு அது அவர்ட சொத்து. லாபம் வந்தா வரியும் அவர்ட தலையில. நாளைக்கு அவருக்கு ஒண்டு நடந்தா, இல்ல அவர்ட குடும்பத்துக்குள்ள ஒரு பிரிவு வந்தா, அம்மாட காசு எண்டு சொல்ல உங்கள்ட்ட ஒரு துண்டும் இராது. மச்சான்ல பிழை எண்டு இல்ல, நல்ல மனுசர் ரெண்டு பேர் இப்படி ஒரு காசால கதை பேச்சு இல்லாமப் போனத எங்கட ஒழுங்கையிலயே பாத்திரிக்கிறன்.

ஈட்டு வட்டி மாசா மாசம் ஏறும், ஷேர் பத்து வருசம் பொறுக்கச் சொல்லும். ரெண்டும் ஒரு வண்டியில பூட்டுற மாடு இல்ல. அடுத்த சிறுபோகத்துக்கு உரமும் எண்ணெயும் வாங்க வேண்டிய காசும் அப்படித்தான்.

மச்சான் ஆசைப்படுறார் எண்டா, உங்கட சொந்தச் சம்பளத்தில, போனாலும் சோறு குறையாத ஒரு சின்னத் தொகைய, உங்கட பேர்ல வாங்க வழி கிடைச்சா வாங்குங்க, அதுக்கு நான் குறுக்க நிக்கல்ல. வாங்க முதல் ஒண்டு செய்யுங்க. ஒவ்வொரு காலாண்டும் முடிஞ்சு ஒரு மாசத்துக்குள்ள அவங்க 4சி எண்டு ஒரு காசோட்ட அறிக்கை போடோணும். அதில 1.1 எண்ட வரியில வாடிக்கைக்காரர்ட்ட இருந்து கையில வந்த காசு இரிக்கும், 8.5ல இருக்கிற காசு இன்னும் எத்தின காலாண்டுக்குக் காணும் எண்டு இரிக்கும். கடைசி எட்டு அறிக்கையத் திறந்து இந்த ரெண்டு எண்ணையும் ஒரு கொப்பியில வரிசையா எழுதுங்க, மச்சானையும் போனில வச்சுக்கொண்டு எழுதுங்க. 1.1 ரெண்டு மூண்டு காலாண்டு தொடர்ந்து ஏறி, அது ரொயல்ட்டி எண்டு அவங்களே எழுதியிருந்தா எனக்கும் சொல்லுங்க, அண்டைக்கு நானே என்ட காசில வாங்குவன், கொஞ்சம் கூட விலை குடுத்தாலும் பரவாயில்ல.

அம்மா ஈட்டுக்கடைக்குப் போக முதல் என்னோட ஒருக்காக் கதைக்கச் சொல்லுங்க. பின்னேரம் அஞ்சு மணிக்குப் பிறகு வீட்டதான் இரிப்பன்.